ஆறாவது உலகம்மாள்

2025 ஜூன் 3, செவ்வாய்

உலகம்மன் துணை.

வெறும் வயிற்றில் 148.

தினமும் சர்க்கரை அளவைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். துண்டுத் தாளில் எழுதினால் காணாமல் போகிறது என்று, மகள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய டைரியை எடுத்தேன். ஜனவரியிலிருந்து எல்லாப் பக்கமும் காலி. ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம். 148 என்று எழுதினால் மூலையில் கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மீதியில் என்னத்தை எழுத? சாரல் ஆரம்பித்துவிட்டது. துணி காயவில்லை. இவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் வீடு முழுக்கத் தேடினார். நான் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

144.

பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை பியூலா போன் செய்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதங்களில் பழக்கம். நான் படித்த பள்ளியும் அதுதான். பள்ளிக்கு நூறு வயது ஆகிறதாம். ஜூலை பன்னிரண்டாம் தேதி விழா, விழாவுக்கு ஒரு மலர்.

"அம்மா, நம்ம பள்ளியில படிச்சுப் பெரிய ஆளானவங்க பட்டியல் எடுத்தோம். ஒரு அதிசயம் பாருங்க, உலகம்மாள்ங்கிற பேர்லயே அஞ்சு பேர் இருக்காங்க! அதுக்குன்னு தனியா ஒரு பக்கம் போடப் போறோம். அவங்க விவரமெல்லாம் கேட்டு எழுதித் தர ஒரு ஆள் வேணும்."

இதில் அதிசயம் என்ன வந்தது? தென்காசியில் அம்மன் பெயர் உலகம்மன். பெண் பிறந்தால் அந்தப் பெயரைத்தான் முதலில் வைப்பார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் நாலு உலகம்மாள். கோவில் வாசலில் நின்று 'ஏ உலகு' என்று கூப்பிட்டால் பூக்கட்டுகிறவளிலிருந்து காரில் வந்து இறங்குகிறவள் வரைக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

ஆனால் ஐந்து பேர் என்றதும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று எழுதிவிடுகிறேன். 1979-இல் மாநில அளவுப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் நாலு கிலோ இரும்புக் குண்டைப் பத்து மீட்டர் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் எறிந்து முதலாவதாக வந்தவள் நான். பள்ளிக்கூட ஹாலில் மரப் பலகையில் பெயர் இருக்கிறது. ஐந்தில் ஒன்று நானாகத்தானே இருக்க வேண்டும்?

"யார் யாரு அந்த அஞ்சு பேரு?" என்று அக்கறையில்லாத மாதிரிக் கேட்டேன்.

"வாட்ஸ்அப்ல அனுப்பி வைக்கிறேன்மா. நீங்களும் ஒரு உலகம்மாள்தானே, உங்க கையால எழுதினா பொருத்தமா இருக்கும்னு தோணுச்சு."

நீங்களும் ஒரு உலகம்மாள்தானே!

பட்டியல் வந்தது. ஒன்று, அந்தக் காலத்தில் ராணுவ மருத்துவமனையில் நர்சாக இருந்து காலமான உலகம்மாள். இரண்டு, பிரசவ டாக்டர் உலகம்மாள். மூன்று, நீதிபதி உலகம்மாள். நாலு, வானொலியில் செய்தி வாசித்த உலகம்மாள். ஐந்து, பேராசிரியர் ப. உலகம்மாள், தொலைக்காட்சிப் பட்டிமன்றப் பேச்சாளர், 'பள்ளிப் பருவத்திலேயே குண்டு எறிதலில் மாநில முதலிடம், 1979.'

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இறங்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

171. இருக்காதா பின்னே?

காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பலகை அப்படியே இருக்கிறது. '1979 - குண்டு எறிதல் - மாநிலம் முதலிடம் - ப. உலகம்மாள்.' பியூலா டீச்சர் பக்கத்தில் நின்று, "பாருங்க, நம்ம பேராசிரியர் மேடம்!" என்றார். விழாவுக்காகப் பலகையைப் புதிதாக வார்னிஷ் அடித்து எழுதப் போகிறார்களாம். இந்தத் தடவை 'பேராசிரியர்' என்ற பட்டத்தையும் சேர்த்து எழுதுவார்களாம்.

அந்த 'ப.' என்னுடைய அப்பா பட்டமுத்துவின் எழுத்து. பேராசிரியர் அப்போது மா. உலகம்மாள், மாடசாமி மகள், எங்கள் தெருவில் ஏழாவது வீடு. கல்யாணமானதும் அப்பா எழுத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புருஷன் எழுத்தைப் போட்டுக்கொள்வது எங்கள் காலத்து வழக்கம். எனக்கு வாய்த்தவர் சுப்பையா, நான் சு. உலகம்மாள் ஆனேன். அவளுக்கு வாய்த்தவர் பரமேஸ்வரன், அவள் ப. உலகம்மாள் ஆகிவிட்டாள். நான் கழற்றிப் போட்டதை எடுத்து அவள் போட்டுக்கொண்டாள். இப்போது பலகையில் இருப்பது நான், ஊர் படிப்பது அவளை.

நீ அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். நானாகப் போய், 'டீச்சர், அது நான், அது நான்' என்று வாயைத் திறந்து கேட்கணுமாக்கும்? கையில் சர்டிபிகேட்டும் கிடையாது. கரையான் அரித்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

159.

இன்றைக்குத் தொலைக்காட்சியில் அவள். இவர் எட்டு மணிக்கே குளித்து, திருநீறு பூசி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முப்பத்து மூன்று வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனுஷன். வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசினால் அதிகம். இவள் பேச ஆரம்பித்தால் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்கிறார். இருபது வருடமாக இதே கூத்து. ஒரு நிகழ்ச்சி விட்டது கிடையாது.

நான் அடுக்களையில் மிக்ஸியைப் போட்டேன். அரைக்க ஒன்றுமில்லை. ஊறவைத்த உளுந்து இருந்தது, அதைப் போட்டேன்.

"ஏ, அதக் கொஞ்சம் நிப்பாட்டேன்" என்றார்.

"நாளைக்கு இட்லி வேணுமா, இல்ல உங்க பேராசிரியை வந்து அவிச்சுப் போடுவாளா?" என்றேன்.

எட்டிப் பார்த்தேன். மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கழுத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அறுபத்து மூன்று. அவளுக்கு முட்டி வலி இருக்கிற மாதிரியும் தெரியவில்லை. பொறாமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

152.

டாக்டர் உலகம்மாளிடம் போனில் பேசினேன். பதினெட்டாயிரம் பிரசவம் பார்த்திருக்கிறாராம். தங்கமாகத்தான் பேசினார். கடைசியில், "நீங்க என்னம்மா செய்தீங்க?" என்று கேட்டார். சத்துணவு என்றேன். "ரொம்ப நல்ல சேவை" என்றார். சேவை! அதே பெயர், அதே பள்ளிக்கூடம், அதே வேப்பமரத்தடி. அவருக்குப் பதினெட்டாயிரம் பிள்ளை, எனக்குப் பதினெட்டாயிரம் முட்டை.

நீதிபதி உலகம்மாள் அவரே பேசவில்லை. உதவியாளர் விவரத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினார். நர்ஸ் உலகம்மாளின் பேத்தி, பாட்டியின் மெடலைப் படமெடுத்து அனுப்பினாள். எல்லாவற்றையும் அழகாக நகல் எடுத்து எழுதி வைத்தேன். பேராசிரியருக்கு மட்டும் இன்னும் போன் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

166. கொடியில் துணி மூன்றாவது நாளாக நாறுகிறது.

அவளோடு நான் பேசி நாற்பத்தைந்து வருடமாகிறது. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. டைரிதானே, எழுதுகிறேன்.

மாநிலத்தில் ஜெயித்ததும், போபாலில் அகில இந்தியப் போட்டி, பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லிக் கடுதாசி வரும் என்று விளையாட்டு டீச்சர் சொல்லியிருந்தார். போபால் எங்கே இருக்கிறது என்று அட்லாஸில் பார்த்து, பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். தினமும் தபால்காரரை வழிமறித்து நிற்பேன். வரவே இல்லை. அடுத்த மாதம் மதுரைக்காரி ஒருத்தி, என்னைவிட அரை மீட்டர் குறைவாக எறிந்தவள், போபாலுக்குப் போனாள் என்று பேப்பரில் போட்டிருந்தது.

தெருவில் இரண்டு உலகம்மாள் இருந்ததால் கடுதாசி எப்போதும் மாறித்தான் வரும். அவளுக்கு வந்ததை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன், எனக்கு வந்ததை அவள் கொண்டுவந்து கொடுப்பாள். இதை மட்டும் கொடுக்கவில்லை. நான் ஜெயித்து வந்த அன்று எல்லாரும் என்னைத் தோளில் தூக்கினபோது அவள் மட்டும் ஓரமாக நின்று பார்த்த பார்வை எனக்குத் தெரியும். முழுங்கிவிட்டாள். இரண்டே மாதத்தில் எனக்குக் கல்யாணம். அவள் காலேஜுக்குப் போனாள்.

கடுதாசியை எடுத்தாள், இப்போது பரிசையும் எடுத்துக்கொண்டாள். விட்டுவிடுவேனா?

ஜூன் 14, சனி

அளக்கவில்லை.

இன்று எழுதும்படியாக ஒன்றுமில்லை. தபாலாபீசுக்குப் போய் வந்தேன். இடது கை மணிக்கட்டு வலிக்கிறது.

ஜூன் 18, புதன்

131! ஆறு மாதத்தில் இவ்வளவு இறங்கியதே இல்லை.

பியூலா டீச்சர் பதறிப்போய்ப் பேசினார். பேராசிரியர் மேல் மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறதாம். வாசித்துக் காட்டினார். "அடுத்தவள் வாங்கிய பரிசைத் தன் பரிசு என்று சொல்லித் திரியும் பொய்யரை மேடையில் ஏற்றினால் பத்திரிகைக்கு எழுதுவேன். இப்படிக்கு, உண்மை விரும்பி."

"ஐயோ! யாரு டீச்சர் இப்படியெல்லாம் எழுதுதா?" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

விழாக்குழுவில் பயந்துவிட்டார்களாம். பேராசிரியரை மேடைக்கு அழைப்பதை நிறுத்திவைத்திருக்கிறார்களாம்.

மத்தியானம் பாயசம் வைத்தேன். இன்னைக்கு என்ன விசேஷம் என்று இவர் கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். "இன்னைக்கு புதன்லா" என்றார். குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

188.

பியூலா டீச்சர் மறுபடியும். "அம்மா, நீங்க அந்த செட்டுதானே? எழுபத்தொம்பதுல குண்டு எறிஞ்சது எந்த உலகம்மாள்னு உங்களுக்குத் தெரியாதா?"

கேட்டுவிட்டார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும். வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் உறைத்தது. 'நான்தான்' என்று சொன்னால், கடுதாசி எழுதியவளும் நான்தான் என்று அடுத்த நொடியே தெரிந்துவிடும். உண்மை விரும்பி யாராக இருக்கும் என்று குழுவில் எல்லாரும் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஞாபகம் இல்லையே டீச்சர்" என்றேன்.

"அப்ப பலகையில அந்த வரியே வேண்டாம்னு குழுவுல சொல்லிட்டாங்க. வம்பு எதுக்கு? புதுசா எழுதும்போது அதை விட்டுட்டு எழுதச் சொல்லியிருக்கோம்."

நாற்பத்தாறு வருடமாக தூசி, பூஞ்சை, கரையான் எதுவும் அழிக்காத பெயரை நானே அழித்துவிட்டேன். இந்தச் சனியன் பிடித்த கையை என்ன செய்ய!

ஜூன் 24, செவ்வாய்

அளக்க நேரமில்லை. எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. சாரல். குடையை மடக்கிக்கொண்டு இறங்கியவள் அவள். சாதாரணக் கைத்தறிப் புடவை, தொலைக்காட்சியில் தெரிவதைவிடக் குள்ளம். இவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் பால் வாங்கிட்டு வாரேன்" என்று செருப்பைத் தேடினார். பிரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருக்கிறது. ஆசை ஆளை நேரில் பார்த்த வெட்கம் என்று நினைத்தேன்.

"ஏளா உலகு, உள்ள வரச் சொல்ல மாட்டியா?"

"வாங்க" என்றேன்.

"என்னது, வாங்களா?" என்று சிரித்தாள். வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் மடியில் வைத்தாள். "இதை நீயே வச்சுக்க. ஹெச்.எம்.கிட்ட இருந்து கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"என்ன இது? எனக்கு என்ன தெரியும்?"

"பேரு தெரியக் கூடாதுன்னு இடது கையால எழுதியிருக்க. சரி. மேல என்ன போட்டிருக்க, பாரு."

பார்த்தேன். கடுதாசியின் தலையில், கோணல் எழுத்தில், 'உலகம்மன் துணை'.

"கணக்குப் பரீட்சைத் தாளு, லீவ் லெட்டரு, குண்டு எறியப் போகுமுன்ன தரையில குச்சியால, எல்லாத்துலயும் இதப் போடுத ஆளு யாரு? மொட்டைக் கடுதாசிக்கும் அம்மனத் துணைக்குக் கூப்பிடுதவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்."

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. வெட்கம் ஒரு பக்கம், இவள் கையால் அகப்பட்டோமே என்ற எரிச்சல் ஒரு பக்கம்.

"பயப்படாத, யார் எழுதுனதுன்னு நான் சொல்லல. எழுபத்தொம்பது நான் இல்ல, அது பட்டமுத்து மாமா மக, இப்ப சு.ன்னு போட்டுக்கிட்டு உங்க பக்கத்துலயே இருக்கான்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். அந்த டீச்சரு வாயில கைய வச்சுட்டாவ." குடையை ஓரமாகச் சாய்த்து வைத்தாள். "நான் எந்த மேடையில உலகு உன் பரிச என் பரிசுன்னு சொன்னேன்? இருபது வருசமா ஊர் ஊராப் போய் உன் கதையத்தானளா சொல்லுதேன். நீ ஒரு தடவகூடக் கேட்டதில்லையா?"

மிக்ஸி போட்டுவிடுவேன் என்று எப்படிச் சொல்ல?

"என் கதையில சொல்லுததுக்கு என்ன இருக்கு?"

"போபால் கதை."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்று கத்திவிட்டேன். "அந்தக் கடுதாசிய முழுங்குனவளே நீதானளா! முழுங்கிட்டு அதையே மேடையில கக்குதியா?"

அவள் வாயடைத்துப் போனாள். பட்டிமன்றத்தில் நடுவரையே மடக்குகிறவள்.

"என்ன சொல்லுத நீ? கடுதாசி எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. வந்த அன்னைக்கே கொண்டாந்தேன். உனக்குப் பூ வைக்க வந்திருந்தாவல்லா, அன்னைக்கு. வாசல்ல உங்க அப்பாகிட்ட குடுத்தேன். உங்க அப்பா படிச்சுப் பாத்துட்டு, பக்கத்துல நின்ன மாப்பிள்ளகிட்ட நீட்டி, 'என்ன சொல்லுதிய?'ன்னு கேட்டாவ. அவ்வோ, 'இனிம இதெல்லாம் எதுக்கு மாமா?'ன்னு சொல்லி மடிச்சுச் சட்டைப் பையில வச்சாவ. உன்கிட்ட கேட்டிருப்பாவ, நீயே வேண்டாம்னுட்டன்னுல்லா நான் நெனச்சேன். பொறவு கோயில்ல பாத்தா நீ முகத்தத் திருப்புத. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அப்பா போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள். "பொறாமை எனக்கும் இருந்துச்சு உலகு. இல்லன்னு சொன்னா பொய். உன்னத் தோள்ல தூக்கிட்டு வந்தப்ப எனக்கு அழுகையே வந்துட்டு. பலகையில உன் பேரு எழுதுன பொறவு தினமும் அது முன்னால போய் நிப்பேன். மாப்பிள்ள பேரு பரமேஸ்வரன்னு எங்க வீட்டுல சொன்னதும் எனக்கு மொதல்ல தோணுனது என்ன தெரியுமா? உன் எழுத்து எனக்கு வந்துட்டு, அதான். சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை.

கேட் சத்தம் கேட்டது. இவர் பால் பாக்கெட்டோடு நின்றார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பாலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்ப வெளியே போய்விட்டார்.

ஜூன் 25, புதன்

214.

சமைத்தேன். பரிமாறினேன். பேசவில்லை.

ஜூன் 27, வெள்ளி

197.

காலையில் தனியாக உட்கார்ந்து மகளிடம் கேட்டு வாங்கிய, பேராசிரியரின் போபால் பேச்சைப் போனில் கேட்டேன். தலைப்பு ஏதோ பெண்களின் வளர்ச்சியைப் பற்றியது. அவள் சொல்கிறாள்: "என் பேரு உள்ளவ ஒருத்தி எங்க தெருவுல இருந்தா. அவ குண்ட வீசுனா, விழுத சத்தம் எங்க வகுப்பு வரைக்கும் கேக்கும். அவளுக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. அவ போகல. போயிருந்தா இன்னைக்கு உலகம்மாள்னா உங்களுக்கு அவளத்தான் தெரியும், என்னைய இல்ல." உடனே கைதட்டல். விசில் வேறு.

கேட்கும்போது அழுதேன், ஒளிக்கவில்லை. ஆனால் கைதட்டல் வந்ததும் பழைய குணம் தலைதூக்கிவிட்டது. நான் போகாத போபாலுக்கு இவளுக்குச் சால்வை. என் கதையைச் சொன்னவள் ஒரு தடவை என் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்ன? நல்லவள்தான். நல்லவளாகவும் இருக்கிறாள் என்பது இன்னும் எரிகிறது.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். நேராகவே கேட்டேன்.

"அந்தக் கடுதாசிய என்ன செஞ்சிய?"

"பஸ்ஸு பாவூர்சத்திரம் தாண்டுனதும் சன்னல் வழியா விட்டுட்டேன்."

"எதுக்கு?"

"ஊரு பேரு தெரியாத எடம். போனா நீ திரும்பி வருவியோ என்னமோன்னு இருந்துச்சு. ஒரு கண்டக்டரத் திரும்பிப் பாப்பியா?"

"அப்ப அவ பேசுதத மட்டும் எதுக்கு வாயப் பொளந்து கேட்டிய, இருபது வருசமா?"

"என்னைக்காவது ஒரு நா என் பேரச் சொல்லிப்புடுவாளோன்னுதான்" என்றார். "அவ அந்தக் கதைய ஆரம்பிச்சாலே எனக்கு உசிரு போய் உசிரு வரும். நல்ல வேளை, நீ மிக்ஸியப் போட்டுருவ."

இவர் அவள்மேல் ஆசைப்பட்டுத்தான் பார்க்கிறார் என்று இருபது வருடம் வெந்திருக்கிறேன். அப்படியே இருந்திருக்கலாம். அதுவே தேவலை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். சர்டிபிகேட்டைக் கரையான் அரித்ததாக ஆறாம் தேதி எழுதியிருக்கிறேன். பொய். கல்யாணத்துக்கு முந்தின நாள் நான்தான் கிழித்தேன். நாலாகக் கிழித்து, அடுப்பில் போட்டேன். கடுதாசி வராத சர்டிபிகேட் எனக்கு எதற்கு என்று. அது வந்து என் வாசலில் நின்று திரும்பிப் போயிருக்கிறது.

ஜூலை 2, புதன்

169. தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. கொல்லையில் அம்மிக் குழவியை எடுத்துக் கழுத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தேன். எறியவில்லை. வைத்துத்தான் பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

155.

பியூலா டீச்சர் மலரின் கடைசிப் படியோடு வீட்டுக்கே வந்தார். இப்போது 'நம் பள்ளியின் ஆறு உலகம்மாள்கள்'. ஆறாவதாக நான், பாஸ்போர்ட் போட்டோவோடு. ரேஷன் கார்டுக்கு எடுத்த படம், திருடி மாதிரி இருக்கிறேன். சனிக்கிழமை விழாவில் ஆறு பேருக்கும் மேடையில் மரியாதையாம். பலகை எழுதுகிற பெயின்டர் பள்ளிக்கூடத்தில் காத்திருக்கிறாராம்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. பேராசிரியரும் ப. உலகம்மாள், பலகையில நீங்களும் ப. உலகம்மாள்னா மறுபடியும் அதே குழப்பம் வரும். பேசாம உங்களுக்கு இப்ப உள்ள இனிஷியலையே போட்டுடலாமா? சு. உலகம்மாள்னு எழுதினா யாரும் மாத்திப் பேச முடியாது. உலகத்துக்கே தெரியும், அது நீங்கதான்னு."

இவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு வாரமாக வீட்டில் திருடன் மாதிரி நடமாடிக்கொண்டிருந்த மனுஷன் முகத்தில் ஒரு வெளிச்சம். "அதான டீச்சர் முறை" என்றார். "சு.ன்னே போடச் சொல்லுங்க. நல்லாருக்கும்."

ஒரு மாதத்துக்கு முன்னால் யாராவது இதைக் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்துச் சரி என்றிருப்பேன். அவளிலிருந்து என்னைப் பிரித்துக் காட்டத்தானே மொட்டைக் கடுதாசி வரைக்கும் போனேன்?

"வேண்டாம் டீச்சர்" என்றேன். "ப.ன்னே இருக்கட்டும்."

"ஜனங்க பேராசிரியர்னுதானே நினைப்பாங்க?"

"நெனச்சுட்டுப் போகட்டும்."

"ஏளா, என் எழுத்து வேண்டாமா?" என்று கேட்டார் இவர். டீச்சர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"சத்துணவு ஆக்குனவ சு. உலகம்மாள். உங்களுக்குப் பொங்கிப் போட்டவ சு. உலகம்மாள். ரேஷன் கார்டுல, ஆதார்ல, எல்லாத்துலயும் அவதான் இருக்கா, இருந்துட்டுப் போறா" என்றேன். "அந்தக் குண்ட எறிஞ்சவ ப. உலகம்மாள். அவளுக்கு உங்களத் தெரியாது."

டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். மலரின் படியில் திருத்தி எழுதிக்கொண்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்து அந்த ஆறாவது உலகம்மாளைப் பற்றி யோசித்தேன். பதினேழு வயது. முட்டி வலி கிடையாது. அட்லாஸில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். டாக்டர், நீதிபதி, பேராசிரியர் எல்லாரையும்விட எனக்கு அவள்மேல்தான் பொறாமையாக இருக்கிறது.

சாயங்காலம் அவளுக்கு, அதாவது பேராசிரியருக்கு, போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சனிக்கிழமை என்ன கலர் கட்டுத?" என்று கேட்டாள். சொல்லவில்லை. சொன்னால் அதைவிட நல்லதாகக் கட்டிக்கொண்டு வருவாள்.

ராத்திரி இவருக்குத் தோசை வார்த்தேன். இரண்டு தின்றார். இன்னும் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். சட்டியில் மாவு இருந்தது. இல்லை என்றேன்.